மனச்சாட்சி வழி நின்ற விஞ்ஞானி ஜோசப் ரொட்பிளாட்

விஞ்ஞானிகளின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள், அவர்கள் கண்டுபிடித்தவற்றையே பெரும்பாலும் மனனஞ் செய்கின்றனர். தாம் ஈடுபட்டிருந்த மாபெரும் ஆராய்ச்சியொன்றைப் பாதியிற் கைவிட்டு வெளியேறியமையால் நினைவுகூரப்படும் விஞ்ஞானி ஒருவரும் உளர். நாம் வாழும் இந்த இலண்டன் மாநகரிலே நெடுங்காலம் வாழ்ந்து, இங்கேயே மறைந்த பேராசிரியர் ஜோசப் ரொட்பிளாட் அவர்களே அவர்.

அவர் 1908ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி வார்சோ நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் குதிரை வண்டிகளைக் கொண்டு போக்குவரத்துத் தொழில் நடத்தி வசதியுடன் வாழ்ந்தவர். முதலாம் உலகப் போர் அத்தொழிலை அழித்தது. குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. இளைஞர் ரொட்பிளாட் வீடுகளுக்கு மின்னிணைப்புச் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே கற்றார். 1932இல் முதுமாணிப் பட்டமும், 1938இல் வார்சோப் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

1939ஆம் ஆண்டு, நியூத்திரனைக் கண்டறிந்த ஜேம்ஸ் சாட்விக்கின் கீழ் ஆராய்ச்சி செய்வதற்காக லிவர்பூல் வந்து சேர்ந்தார். கையிலிருந்த பணம் இருவர் வாழப் போதாமையால் மனைவி தோலா வார்சோவிலேயே தங்கினார். பின்னர் உதவித்தொகை கிடைத்ததும், ஓகஸ்ட் மாதத்தில் அவரை அழைத்துவரச் சென்றார் ரொட்பிளாட். தோலாவோ குடல்வால் நோயினாற் பயணஞ் செய்ய இயலாதிருந்தார். சில நாட்களிற் பின்தொடர்ந்து வருவார் என நம்பிக் கணவர் தனியே திரும்பினார். செப்டெம்பர் 1ஆந் திகதி ஜேர்மனியப் படைகள் போலந்தினுள் நுழைந்தன. மனைவியை மீட்க அவர் எடுத்த முயற்சிகள் யாவும் வீணாயின. நாசிகள் நடத்திய யூத இன அழிப்பிலே தோலா உயிரிழந்தார். ரொட்பிளாட் பின்னர் மணஞ் செய்யவேயில்லை. போரினாற் பிரிந்த குடும்பங்களின் துயரை அறிந்த எமது பெற்றோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அணுவைப் பிளப்பதனாற் பேரழிவுக் குண்டொன்றைச் செய்யலாம் என்பதை அவர் 1939இலேயே உணர்ந்திருந்தார். அவ்வெண்ணம் அவரை அச்சுறுத்தியது. ஆயினும் ஹிட்லரின் கையில் அக்குண்டு முதலிற் கிடைத்துவிட்டால் உலகின் கதி யாதாகும் என்ற கேள்வி அதனிலும் பெரிதாக நின்றது. எதிரியிடம் அக்குண்டு இருந்தால் அவன் அதனைப் பயன்படுத்தாது தடுப்பதற்கேனும் நேச நாடுகளிடமும் அது இருத்தல் வேண்டும் என எண்ணி அவர் அப்பணியில் இறங்கினார். 1944இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்துக்குச் சென்றார்.

அவ்வாண்டின் இறுதியில், ஜேர்மனி அணுக்குண்டு முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்பதை அவர் அறிந்தார். தாம் இப்பணிக்கு வந்த காரணம் மறைந்துவிட்டது. காரணம் மறைந்தபின் பணியைத் தொடர்வது எங்ஙனம் என்று தம்மையே கேட்டார். அங்கிருந்த விஞ்ஞானிகள் பலர் தொடர்ந்து உழைத்தனர். ஆராய்ச்சி பலிக்குமோ என்று காணும் ஆவல் சிலரை நிறுத்தியது. தம் பதவியும் எதிர்காலமும் பாதிக்கப்படும் என்ற அச்சம் வேறு சிலரை நிறுத்தியது. ரொட்பிளாட் டிசெம்பர் மாதத்தில் வெளியேறினார். அவர்மீது ஒற்றர் என்ற ஐயமும் சுமத்தப்பட்டது. வெளியேறும் உண்மைக் காரணத்தைச் சக விஞ்ஞானிகளிடம் கூறக்கூடாது என்ற நிபந்தனையையும் அவர் ஏற்க நேர்ந்தது.

1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமாவும் 9ஆந் திகதி நாகசாகியும் அழிந்தன. வானிலிருந்து விழும் குண்டு கீழே உள்ளோருக்கு என்ன செய்யும் என்பதை எம் மக்களும் அறிவர். தம் அறிவு இனி உயிர் காக்கவே பயன்படவேண்டும் எனத் தீர்மானித்த ரொட்பிளாட், பௌதிகவியலை மருத்துவத்தின் பக்கம் திருப்பினார். இலண்டன் புனித பார்தலோமியு வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராகி, 1976இல் ஓய்வு பெறும் வரை, கதிர்வீச்சு உடலை எவ்வாறு பாதிக்கின்றது என ஆராய்ந்தார்.

1954 மார்ச் 1ஆந் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகொன்றின்மீது வீழ்ந்து, அதிலிருந்த 23 பேரையும் நோயாளராக்கியது. அரசுகள் கூறியதிலும் பன்மடங்கு நச்சு அதனாற் பரவியது என்பதைக் கணித்தறிந்த ரொட்பிளாட், மறுவருடம் அதனைப் பகிரங்கமாக வெளியிட்டார்.

1955 ஜூலை 9ஆந் திகதி ரசல் - ஐன்ஸ்டைன் அறிக்கை இலண்டனில் வெளியிடப்பட்டது. அதில் ஒப்பமிட்ட 11 பேருள் ரொட்பிளாட்டும் ஒருவர். வெளியீட்டுக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அதன் பயனாக 1957இல் கனடாவின் பக்வோஷ் என்னும் சிற்றூரில் 22 அறிஞர்கள் கூடினர். அமெரிக்கரும் சோவியத் நாட்டினரும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதிய அக்காலத்தில், இரு தரப்பு விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் அமர்ந்து பேச அது வழிசெய்தது. 1973 வரை அவ்வமைப்பின் செயலாளர் நாயகமாக அவர் பணியாற்றினார். வளிமண்டலத்தில் அணுக்குண்டுச் சோதனைகளைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு அத்தகைய உரையாடல்களும் துணைபுரிந்தன.

1995ஆம் ஆண்டின் சமாதானத்துக்கான நோபல் பரிசு ரொட்பிளாட்டுக்கும் பக்வோஷ் அமைப்புக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. வைத்தியர்கள் உறுதிமொழி எடுப்பதுபோல், விஞ்ஞானக் கல்வியை முடிக்கும் இளைஞரும் தம் அறிவைத் தீங்குக்குப் பயன்படுத்தோம் என்று உறுதிமொழி எடுக்கவேண்டும் என அவர் வற்புறுத்தினார். 2005 ஓகஸ்ட் 31ஆந் திகதி, தமது 96ஆவது வயதில் அவர் காலமானார்.

மாணவச் செல்வங்களே, அணுக்குண்டு செய்யும் வாய்ப்பு உங்களில் எவருக்கும் கிடைக்கப்போவதில்லை என நம்புகின்றோம். ஆயினும் உங்கள் கையிலுள்ள தொலைபேசி ஒரு தோழியின் படத்தை நொடிப்பொழுதில் ஊரெங்கும் பரப்பவல்லது. ஊரிலிருந்து வந்த பொய்ச் செய்தியொன்றால் நூறு குடும்பங்களைக் கலங்கவைக்கவும் வல்லது. வீட்டுப்பாடத்தை உங்களுக்காக எழுதித்தரும் கணினியும் இன்று வந்துவிட்டது. இவற்றைப் பயன்படுத்துமுன், இதனை ஏன் செய்கிறேன், இதனால் வருந்தப்போவது யார் என்று கேளுங்கள். எல்லோரும் செய்கின்றனர் என்பது விடையாகாது. லொஸ் அலமோஸிலும் எல்லோரும் செய்துகொண்டுதான் இருந்தனர்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எம் பிள்ளைகள் பொறியியலாளராகவும் வைத்தியராகவும் கணினி வல்லுநராகவும் வரவேண்டும் என்று அல்லும் பகலும் உழைக்கின்றோம். எத்தனை புள்ளிகள் பெற்றாய் என்று தவறாது கேட்கின்றோம். பெற்ற அறிவைக் கொண்டு என்ன செய்வாய் என்றும் இரவுணவு வேளையிலே கேட்போமாக. அக்கேள்விக்கு விடை தேடிப் பழகிய பிள்ளை, எத்தொழிலுக்குச் சென்றாலும் நேரிய வழியினின்று பிறழாது.