விமானம் பிறந்த சைக்கிள் கடை: ஆர்வில் ரைட்டின் பட்டறை ஊர் மாறிப் போனது எப்படி?

உலகின் முதல் விமானம் எங்கே செய்யப்பட்டது? பெரிய தொழிற்சாலை, அரசு ஆய்வுக்கூடம் என்று யோசித்தால் தப்பு. அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் உள்ள டேடன் நகரில், வாடகைக் கட்டடத்தில் நடந்த ஒரு சைக்கிள் கடையின் பின்கட்டில்தான் அது உருவானது. அந்தக் கடை இன்றும் இருக்கிறது. ஆனால் டேடனில் இல்லை. 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் தள்ளி, மிச்சிகன் மாகாணத்தின் டியர்பார்ன் நகரில், கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு அமைத்த கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது.

ஒரு கடை எப்படி ஊர் விட்டு ஊர் போனது? அதைப் புரிந்துகொள்ள, ரைட் சகோதரர்களில் இளையவரான ஆர்வில் ரைட்டின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அண்ணன் வில்பர் சீக்கிரமே போய்விட்டார். அதன்பிறகு 35 ஆண்டுகளுக்கும் மேலாக, நடந்தது என்ன என்பதற்கு ஆர்வில்தான் சாட்சி.

பாதிரியார் வீட்டுப் பையன்

ஆர்வில் பிறந்தது 1871 ஆகஸ்ட் 19, டேடனில். அண்ணன் வில்பர் நான்கு வயது மூத்தவர். அப்பா மில்டன் ரைட் கிறிஸ்தவ சபை ஒன்றின் பிஷப். வீட்டில் கருவிகளைக் கையாளத் தெரிந்தவர் அம்மா சூசன்தான். உடைந்த சாமான்களைச் சரிசெய்வது, பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து தருவது எல்லாம் அவர் வேலை. 1878-ல் அப்பா வெளியூரிலிருந்து ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். ரப்பரை முறுக்கிவிட்டால் மேலே எழும்பும். பையன்கள் அதை உடையும்வரை விளையாடி, பிறகு தாங்களே செய்து பார்த்தார்கள்.

அம்மா 1889-ல் காசநோயால் இறந்தார். ஆர்வில் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. அண்ணனும் கல்லூரிக்குப் போகவில்லை. முதலில் அச்சகம் வைத்தார்கள், உள்ளூர்ப் பத்திரிகை நடத்தினார்கள். ஆர்வில்லின் வகுப்புத் தோழரும் பின்னாளில் புகழ்பெற்ற கறுப்பினக் கவிஞருமான பால் லாரன்ஸ் டன்பர் நடத்திய பத்திரிகையையும் இவர்கள்தான் அச்சடித்தார்கள்.

அப்போது அமெரிக்காவில் சைக்கிள் மோகம். 1892 இறுதியில் சகோதரர்கள் சைக்கிள் கடை திறந்தார்கள். பழுது பார்ப்பது, விற்பது, வாடகைக்கு விடுவது என்று தொடங்கி, 1896-ல் சொந்தமாகவே சைக்கிள் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி, பாலவனத்தம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடை தெரியாமல் இருக்காது. கிரீஸ் வாசம், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, வீல் கோட்டம் எடுக்கும் ஸ்டாண்ட். ஏறக்குறைய அதே உலகம்தான். கூடுதலாக இவர்களிடம் லேத்தும் டிரில்லிங் மெஷினும் இருந்தன. சகோதரர்களே செய்த ஒரு கேஸ் என்ஜின், மேலே ஓடும் நீள ஷாஃப்ட்டைச் சுற்றும். அதிலிருந்து பெல்ட் போட்டு ஒவ்வொரு மெஷினையும் ஓட்டுவார்கள். பழைய மாவு மில்லைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அட்டைப்பெட்டி சொன்ன பாடம்

1896-ல் ஆர்வில் டைபாய்டு காய்ச்சலில் படுத்து, பிழைப்பதே கஷ்டம் என்ற நிலைக்குப் போனார். அதே ஆண்டு ஆகஸ்டில், கிளைடரில் பறந்து பழகிய ஜெர்மானியர் ஓட்டோ லிலியன்தால் விழுந்து இறந்தார். இந்தச் செய்திதான் சகோதரர்களைப் பறத்தல் பற்றித் தீவிரமாக யோசிக்க வைத்தது.

மற்றவர்கள் எல்லாம் என்ஜின் பலத்தைப் பற்றியே கவலைப்பட்டபோது, இவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். மேலே போனபிறகு சாயாமல் எப்படிச் சமாளிப்பது? சைக்கிள்காரர்களுக்குத் தோன்றும் கேள்வி இது. சைக்கிள் தானாக நிற்காது. ஓட்டுபவர்தான் ஒவ்வொரு நொடியும் சமன் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

1899-ல் ஒருநாள் கடையில், சைக்கிள் டியூப் வந்த நீள அட்டைப்பெட்டியை வில்பர் பேச்சுவாக்கில் முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை எதிர்ப்பக்கமும் திரும்பியது. இறக்கையையும் இப்படி முறுக்கினால் விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் முடியுமே! இன்றைய விமானங்களில் இறக்கை முறுக்கப்படுவதில்லை, அசையும் தகடுகள் அந்த வேலையைச் செய்கின்றன. அடிப்படை யோசனை ஒன்றுதான்.

1900-ல் வட கரோலினாவின் கிட்டி ஹாக் கடற்கரை மணலில் முதல் கிளைடர் சோதனை. இறக்கைத் துணியைத் திருத்தித் தைக்க, தங்கியிருந்த வீட்டு அம்மாவின் தையல் மெஷினைத்தான் வில்பர் பயன்படுத்தினார். சோதனை முடிந்ததும் கைவிடப்பட்ட கிளைடரிலிருந்து அந்த அம்மா துணியைப் பிரித்தெடுத்து, தன் பெண் குழந்தைகளுக்குக் கவுன் தைத்துவிட்டார்!

1901 கிளைடர் சொதப்பல். அதுவரை எல்லாரும் நம்பிய காற்றழுத்தக் கணக்குகளிலேயே கோளாறு இருப்பதாகச் சந்தேகம் வந்தது. ஊர் திரும்பியவர்கள், கடையிலேயே ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு முனையில் காற்றாடி பொருத்தினார்கள். காற்றுச் சுரங்கம். உள்ளே எடைபார்க்கும் கருவி செய்தது எதை வைத்து? ரம்பத் தகடும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும். அந்தக் குளிர்காலத்துக்குள் சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். பறப்பதற்கான சரியான கணக்கு உலகில் முதன்முதலாகக் கிடைத்தது இந்தப் பெட்டிக்குள்தான் என்றே சொல்லலாம்.

இங்கே ஒரு தேதிப் பொருத்தம். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியதும் இதே 1901 செப்டம்பரில்தான். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. காலத்தை மனதில் வைத்துக்கொள்ள உதவும், அவ்வளவே.

ஆறு வாரத்தில் ஒரு என்ஜின்

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத மூன்றாவது ஆள் சார்லி டெய்லர். 1901-ல் கடையைப் பார்த்துக்கொள்ள வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக். 1903-ல் லேசான என்ஜின் வேண்டும் என்று கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டபோது சரியான பதில் வரவில்லை. டெய்லரே செய்தார். முறையான வரைபடம் கிடையாது. காகிதத் துண்டில் கிறுக்கிய படத்தை எதிரே ஒட்டிவைத்துக்கொண்டு, கடையில் இருந்த லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் ஆறு வாரத்தில் நான்கு சிலிண்டர் என்ஜினை முடித்தார். எடை குறைய அலுமினியத்தில் வார்த்த உடல், சுமார் 12 குதிரைசக்தி.

காற்றாடிகளைச் சுற்றியது சைக்கிள் பாணிச் செயின். இரண்டும் எதிரெதிர் திசையில் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு பக்கச் செயினை எட்டு போல முறுக்கி மாட்டினார்கள். எளிமை என்றால் இப்படி இருக்க வேண்டும்!

விமானத்தின் நடுப்பகுதி கடைக்குள் முழுதாக அடைத்துக்கொண்டது. முன்பக்கம் யாராவது சைக்கிள் ரிப்பேருக்கு வந்தால், பின்னால் இருப்பவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய், தெருவைச் சுற்றி முன்வாசலுக்கு வர வேண்டும். வியாபாரமும் நடக்க வேண்டுமே, செலவுக்குப் பணம் அதிலிருந்துதானே வருகிறது. மொத்தச் செலவு 1,000 டாலருக்கும் குறைவு. அதே நேரத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் சாமுவேல் லாங்லி, அமெரிக்க ராணுவம் கொடுத்த 50,000 டாலரில் செய்த விமானம் 1903 அக்டோபரிலும் டிசம்பர் 8-லும் ஆற்றில் விழுந்தது.

கிட்டி ஹாக்கிலும் சும்மா நடந்துவிடவில்லை. செயின் மாட்டும் பல்சக்கரம் கழன்றுகொண்டே இருந்தது. டயர் ஒட்டும் சைக்கிள் கடைப் பசையை ஊற்றி இறுக்கினார்கள். நின்றுவிட்டது! அடுத்து காற்றாடி ஷாஃப்ட்டில் விரிசல். ஆர்வில் ரயிலேறி டேடன் பட்டறைக்கே போய், புதிய எஃகு ஷாஃப்ட் செய்துகொண்டு டிசம்பர் 11-ல் திரும்பினார். டிசம்பர் 14-ல் காசு சுண்டியதில் முதல் வாய்ப்பு வில்பருக்கு. விமானம் எழும்பி உடனே விழுந்தது. பழுது பார்த்து, 1903 டிசம்பர் 17 காலை 10.35 மணிக்கு ஆர்வில் முறை. 12 விநாடி, 120 அடி. அன்றைக்கு நான்கு முறை பறந்தார்கள். கடைசி முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி போனார். பிறகு ஒரு பலத்த காற்று நிறுத்தியிருந்த விமானத்தைப் புரட்டிப் போட்டு உடைத்தது. அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

இறக்கையில் கட்டியிருந்தது கடையில் கிடைக்கும் சாதாரண பருத்தி மஸ்லின் துணி. நெசவு தெரிந்த அருப்புக்கோட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. அந்தத் துணியில் ஒரு துண்டை 1969-ல் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவுக்கு எடுத்துப் போனார். இன்னொரு சிறு துண்டு, 2021-ல் செவ்வாய் கிரகத்தில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் ஒட்டப்பட்டிருந்தது.

புகழும் அடியும்

1905-ல் டேடன் அருகே மாட்டு மேய்ச்சல் வெளியில், ஒரே ஓட்டத்தில் 24 மைல் பறந்து காட்டினார் வில்பர். 1908-ல் அவர் பிரான்ஸில் பறக்க, ஆர்வில் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபோர்ட் மையரில் பறந்தார். செப்டம்பர் 17-ல் காற்றாடி உடைந்து விமானம் விழுந்தது. உடன் இருந்த லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். விசை விமான விபத்தில் முதல் பலி அவர். ஆர்வில்லுக்குக் கால், விலா எலும்புகள் முறிவு. தங்கை கேத்தரின் ஆசிரியர் வேலைக்கு லீவு போட்டு ஓடிவந்து பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்.

அதற்குள் பறக்கும் ஆசை உலகமெங்கும் பரவியது. சென்னையில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் செய்யவைத்த விமானத்தை 1910-ல் ஓட்டிக் காட்டியதாக மெட்ராஸ் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிட்டி ஹாக் நடந்து ஏழே ஆண்டில்!

1912 மே 30-ல் வில்பர் டைபாய்டில் இறந்தார், வயது 45. ஆர்வில் 1915-ல் கம்பெனியை விற்றுவிட்டார். கூச்ச சுபாவம், மேடைப்பேச்சே கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

யார் முதலில்?

1914-ல் லாங்லியின் பழைய விமானத்தை ஸ்மித்சோனியன் வெளியே எடுத்தது. ரைட் சகோதரர்களோடு காப்புரிமை வழக்கில் இருந்த கிளென் கர்டிஸிடமே அதைக் கொடுத்து, பல மாற்றங்கள் செய்து சிறிது தூரம் எழும்ப வைத்தது. பிறகு, பறக்கும் திறனோடு செய்யப்பட்ட முதல் விமானம் இதுதான் என்று போர்டு எழுதிக் காட்சிக்கு வைத்தது. ஆர்வில் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார். பலன் இல்லை. 1928-ல் 1903 விமானத்தையே லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். சொந்த நாட்டுக்கு இதைவிடக் கசப்பான பதிலைச் சொல்ல முடியாது.

இந்தியாவிலும் இப்படி ஒரு சர்ச்சை உண்டு. 1895-லேயே பம்பாயில் சிவ்கர் பாபுஜி தல்படே விமானம் விட்டதாக வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். அதற்கு அக்காலத்து நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை. இதோடு சேர்த்துச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திர நூலின் வடிவமைப்புகள் பறக்கக்கூடியவை அல்ல என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1974-லேயே காட்டிவிட்டார்கள். ரைட் சகோதரர்கள் பக்கம் இருப்பது புகைப்படம், நாட்குறிப்பு, சோதனை எண்கள், அப்புறம் அந்தப் பட்டறை.

ஃபோர்டு வந்தார்

அந்தப் பட்டறையை 1936-ல் ஹென்றி ஃபோர்டு வாங்கினார். ரைட் குடும்பத்தின் பழைய வீட்டையும் சேர்த்தே வாங்கினார். இரண்டையும் பிரித்து எடுத்துப்போய், கிரீன்ஃபீல்ட் வில்லேஜில் மறுபடி கட்டினார்கள். கடைக்குள் எது எங்கே இருந்தது என்பதை ஆர்வில் சொன்னார். கலிபோர்னியாவில் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த சார்லி டெய்லரைத் தேடிப் பிடித்து, பழைய மெஷின்களைக் கண்டுபிடித்துப் பொருத்தும் வேலையைக் கொடுத்தார் ஃபோர்டு. 1938 ஏப்ரல் 16, வில்பரின் பிறந்தநாளில் திறப்பு விழா. ஆர்வில்லும் வந்திருந்தார்.

ஃபோர்டு செய்தது சரியா? டேடன்காரர்களுக்கு அது இழப்புதான். ஆனால் டேடனிலேயே இருந்த ஆர்வில்லின் ஆய்வுக்கூடம் 1976-ல் பெட்ரோல் பங்க் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. அந்த பங்க் கடைசிவரை வரவே இல்லை. சகோதரர்களின் விமானத் தொழிற்சாலைக் கட்டடங்கள் 2023 மார்ச்சில் தீ விபத்தில் பெரிதும் சேதமடைந்தன. இதையெல்லாம் பார்க்கும்போது ஃபோர்டு மேல் கோபப்படுவது கஷ்டம்.

போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானம் உருவான ஒரிஜினல் கடை டியர்பார்னில். 1895 முதல் 1897 வரை அவர்கள் கடை நடத்திய இன்னொரு கட்டடம் டேடன் சவுத் வில்லியம்ஸ் தெருவில், அதே இடத்தில் தேசியப் பூங்காவின் பகுதியாகப் பாதுகாக்கப்படுகிறது. டேடன் கரிலான் பூங்காவில் இருப்பது கடையின் மாதிரி மட்டும்தான். ஆனால் பக்கத்தில் நிற்கும் 1905 விமானம் நிஜம். அதைச் சீரமைக்கும் வேலையைக் கடைசிக் காலத்தில் ஆர்வில்லே மேற்பார்வை பார்த்தார்.

ஸ்மித்சோனியன் 1942-ல் தவறை ஒப்புக்கொண்டு, லாங்லி விமானத்தில் செய்த மாற்றங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. விமானத்தைத் திருப்பிக் கொண்டுவர ஆர்வில் சம்மதித்தார். போர் நடந்ததால் தள்ளிப்போனது. 1948 ஜனவரி 27 காலை வீட்டு அழைப்புமணியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆர்வில்லுக்கு அன்றே மாரடைப்பு வந்தது. மூன்றாம் நாள், ஜனவரி 30-ல் இறந்தார். வயது 76. அதே ஆண்டு டிசம்பர் 17-ல், முதல் பறப்பின் 45-வது ஆண்டு நாளில், விமானம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் கூடத்தில் தொங்கவிடப்பட்டது.