இடையன்குடியும் கால்டுவெல் அத்தியட்சரும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், உவரிக் கடற்கரையிலிருந்து சிறிது தூரம் உள்வாங்கி, செம்மணல் தேரிகளின் ஓரமாய் அமைந்த ஊர் இடையன்குடி. தாமிரபரணி பாயும் வயல்களின் பசுமையைக் கண்ட கண்ணுக்கு இந்நிலம் வேறொரு தேசமாகவே தோன்றும். கோடையிற் காற்றெழுந்தால் மணல் பறக்கும்; கிணற்று நீர் அருகும்; மேல்மண்ணில் ஈரம் நில்லாது. ஆயினும் அம்மணலிலே பனை நிற்கும். வெயில் கடுமையாயிருக்கும் மாதங்களிலேதான் அது மிகுதியாய்ச் சாறு சொரியும். இவ்விந்தையைக் கண்ணாரக் கண்டு, ஏறக்குறைய ஐம்பதாண்டுக் காலம் அத்தொழிலாளரிடையே ஊழியஞ் செய்து, அவர்களுடைய உழைப்பை உலகறியச் செய்தவர் ராபர்ட் கால்டுவெல் ஐயர். அவர்களுடைய மனத்தைப் புண்படுத்தியவரும் அவரே. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வகுத்த அவரது புலமையைப் பலரும் எழுதியுள்ளனர். ஆதலின் ஈண்டு அவரைப் பனங்காட்டு மனிதராகவே காண முற்படுகின்றேன்.

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்து தேசத்தில் ஆண்ட்ரிம் கோட்டத்தைச் சேர்ந்த கிளாடி என்னுமிடத்தில், ஸ்காட்லாந்து மரபினரான பெற்றோருக்குப் பிறந்தார். இளமையில் டப்ளின் நகரிற் சித்திரக் கலை பயின்றார். பின்னர் அதனைக் கைவிட்டுக் கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் கல்வி முடித்தார். லண்டன் மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பெற்று 1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். மூன்றாண்டு அங்கே தமிழ் கற்ற பின்னர், எஸ்.பி.ஜி. சங்கத்திற் சேர்ந்து, 1841-ஆம் ஆண்டில் உதகமண்டலத்திற் குருப்பட்டம் பெற்றார். சென்னையிலிருந்து தென்னாடு நோக்கிய நெடும் பயணத்தை அவர் கால்நடையாகவே செய்தார். பல்லக்கும் பரிவாரமுமாய்ச் செல்வது துரைமார் வழக்கமாயிருந்த காலத்தில், ஜனங்களின் பேச்சையும் வழக்கங்களையும் அறியவேண்டி அவர் இவ்வழியைத் தெரிந்துகொண்டார். அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். 1844-இல், நாகர்கோயில் மிஷனெரியாகிய மால்ட் ஐயரின் குமாரத்தி எலைசா அம்மையாரை மணந்தார். இந்நாட்டிலேயே வளர்ந்த அம்மையாருக்குத் தமிழ் இயல்பாய் நாவில் நின்ற மொழி.

கால்டுவெல் அங்குக் கண்ட தொழிலைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். நம் மாணவருட் பலர் கருப்புக்கட்டியை அறிவரேயன்றி அதன் பிறப்பை அறியார். பனையேறி விடியுமுன் எழுவான். இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்பும் அடங்கிய பெட்டி, தோளில் முருக்குத்தடி, கால்களைப் பிணைக்கத் தளைநார், சாறு கொணரக் குடுவை ஆகிய இவையே அவனுடைய ஆயுதங்கள். முருக்குத்தடியை மரத்திற் சார்த்தி அதன்மேல் முதலடி வைத்து, மரத்தை மார்போடு அணைத்து, கைகளாற் பற்றிக் கால்களால் உந்தி மேலேறுவான். மரமோ கிளையற்றது, கால் வைத்து இளைப்பாற இடமில்லாதது. உச்சியடைந்ததும், கடிப்பினால் முன்னரே நெருக்கிப் பதப்படுத்தியிருக்கும் பாளையின் நுனியை மெல்லியதாய்ச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தை அதிலே மாட்டி, முன்பு நிறைந்த சாற்றைக் குடுவையில் வார்த்துக்கொண்டு இறங்குவான். சுண்ணாம்பு தடவாவிடிற் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். தடவினால் இனிய பதநீராக நிற்கும். இங்ஙனம் நாளொன்றுக்கு முப்பது முதல் ஐம்பது மரம் வரை, ஒவ்வொன்றையும் காலை மாலை இருமுறை ஏறியிறங்கும் மனிதன் ஒரு நாளில் எத்தனை காதம் ஆகாயத்தை நோக்கி நடக்கின்றான் என்பதைக் கணித மாணவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும்! ஒருநாள் பாளை சீவாவிட்டாற் சாறு குன்றும். சில நாள் தவறினால் பாளையே வீணாகும். ஆதலின் காய்ச்சலுற்ற பனையேறியும் படுத்திருக்க இயலாது. கைதவறி வீழ்ந்தவனுடைய குடும்பத்தின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

மரத்தின் கீழே பெண்மக்களின் பாடு தொடங்கும். விடிலி என்னும் ஓலைக் குடிசையில், உள்ளே புகையும் வெளியே வெயிலுமாக, அவர்கள் பதநீரைக் காய்ச்சுவார்கள். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதையை இடித்துத் தூவுவார்கள். கூப்பனிப் பதம் கடந்து பாகு இறுகும் வேளையறிந்து இறக்கி, சிரட்டைகளில் வார்ப்பார்கள். ஒரு நாழிகை முந்தினாற் பாகு கட்டியாகாது, பிந்தினாற் கருகும். எந்தப் பாடசாலையிலும் இல்லாத இரசாயனம் இது.

இத்தனை பாடுபட்டும் பனை ஆண்டு முழுதும் சோறு போடுவதில்லை. மாசி பங்குனி முதல் ஆடி ஆவணி வரையே பருவம். மற்ற மாதங்களிற் சிலர் மழையை நம்பிப் புஞ்சையில் விதைத்தனர். சிலர் கூலிக்குச் சென்றனர். கருப்புக்கட்டியைச் சுமந்து சென்று நெல்லுக்கு மாற்றியவருமுண்டு. பஞ்சம் நேர்ந்தபோது இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தவர் அநேகர். பனையோலையாற் பெண்கள் முடைந்த பெட்டிகளும் பாய்களும் சந்தைக்குப் போயின; நாரும் தும்பும் விலையாயின. மரம் சொந்தமில்லாதவன் மரமுடையானுக்குச் சாற்றிற் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. தொழில்கள் பலவாயிருந்தும் மிஞ்சியது சிறிதே என்பதுதான் அக்கரையோரத்துக் குடும்பக் கணக்கு.

இவையனைத்தையும் கூர்ந்து நோக்கிய கால்டுவெல், 1849-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். அக்காலத்து அரசாங்க ஏடுகளில் இம்மக்களுக்கு வழங்கிய ஜாதிப் பெயரே அதன் தலைப்பிலும் இடம்பெற்றது. பனையேற்றத்தை அதில் அவர் வருணித்த பகுதி இன்றும் சரித்திர ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுவது. ஆனால் தொழிலைப் பற்றி எழுதியதோடு அவர் நிற்கவில்லை. இம்மக்கள் இலங்கையினின்று குடியேறியவரென்றும், அறிவிலும் நாகரிகத்திலும் தாழ்ந்தவரென்றும், அவர்களுடைய சமயம் பேய்வழிபாடென்றும் வரைந்தார். கடல் கடந்து வாழ்ந்த மிஷன் ஆதரவாளருக்கு ஊழியத்தின் அவசியத்தைக் காட்டவேண்டி எழுதப்பட்ட நூல் அது. எத்துணைத் தாழ்ந்த நிலையினின்று சபை எழுந்தது என்று காட்டினால் ஊழியத்தின் பெருமை ஓங்குமென்று எண்ணினார் போலும். தாம் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் அதனைப் படிப்பார்கள் என்று அவர் எண்ணியதாகத் தோன்றவில்லை. அந்த நூலுக்கு இதைவிடக் கடுமையான குறை ஒன்றை என்னாற் சொல்லக்கூடவில்லை. ஏனெனில் அவர்களுக்கு எழுத்தறிவித்த பாடசாலைகளை நடத்தியவருள் அவரும் ஒருவர்.

அவர்கள் படித்தார்கள். நாசரேத்துப் பகுதியில் உபதேசியாயிருந்த அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை, மிஷனெரிமாரோடு பிணங்கி வெளியேறி, 1857-ஆம் ஆண்டு பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தலைமையை ஏற்காத இந்து கிறிஸ்தவ சபையொன்றை நிறுவினார். அப்பிளவிற்குக் காரணங்கள் பலவாயினும், கால்டுவெலின் நூல் விளைத்த மனக்கசப்பும் அவற்றுள் ஒன்று. பின்னும் பல்லாண்டுகள், தங்கள் குலம் சான்றோர் மரபினதென்று நிறுவி நூல்களும் விண்ணப்பங்களும் வெளிவந்தன. பனையேறியின் மகன் அச்சுக்கூடத்திற்குச் சென்று, குருவானவரின் கூற்றை மறுத்து நூல் அச்சிட்டான் என்றால், அப்பாடசாலைகளின் பயனுக்கு அதனினும் சிறந்த அத்தாட்சி வேறில்லை. குருவானவருக்கு அது இனித்திருக்க நியாயமில்லை.

இவ்வளவு நேர்ந்தும் அவர் இடையன்குடியை விட்டு அகன்றாரல்லர். ஊரை நேரான தெருக்களாய் வகுத்தமைத்தார், கிணறு தோண்டுவித்தார், மரம் நடுவித்தார். எலைசா அம்மையார் பெண்களுக்குப் பாடசாலை நடத்தி, ரேந்தை பின்னுந் தொழிலைக் கற்பித்தார். நாகர்கோயிலில் தம் தாயார் தொடங்கிய தொழிலையே அம்மையார் இங்குக் கொணர்ந்தார். விடிலியின் புகையில் வாடிய கைகள் நூலும் ஊசியும் பிடித்தன. பனைப்பருவம் ஓய்ந்த மாதங்களிலும் வீட்டிற்குக் காசு வந்தது. அத்தியட்சரின் பேருரைகளைக் காட்டிலும் அம்மையாரின் ரேந்தையே பல குடும்பங்களை உயர்த்தியதென்று நான் கருதுகின்றேன், மாறுபடுவோர் மாறுபடுக.

1856-ல் ஒப்பிலக்கணமும், 1875-ல் அதன் விரிந்த இரண்டாம் பதிப்பும் வெளிவந்தன. 1877-ல் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அக்காலத்துப் பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையிலும் ஈடுபட்டார். ஆயிரக்கணக்கானோர் அப்போது சபையிற் சேர்ந்தனர். 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் வெளியாயிற்று. இடையன்குடிப் பரிசுத்த திரித்துவ ஆலயத்திற்கு 1847-ல் அஸ்திவாரமிட்டவர், 1880-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான் அதனைப் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! ஒரு பனங்கொட்டை முளைத்துப் பதநீர் தருவதற்கு ஆகும் காலத்தினும் அது அதிகம்.

1883-ல் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலையினின்று ஓய்வு பெற்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 28-ந் தேதி கோடைக்கானல் மலையில் உயிர்நீத்தார். மலையிலே அடக்கம் செய்யாமல், அவரது சரீரத்தை அத்தனை தூரமும் கீழே கொணர்ந்து இடையன்குடி ஆலயத்தினுள்ளே அடக்கம் செய்தனர். அவருடைய நூலால் மனம் நொந்த மக்களின் உறவினர் அதனை எதிர்கொண்ட கூட்டத்தில் இல்லாதிருந்திருப்பரோ?

அவர் தலைப்பிலிட்ட பழைய பெயரை நீக்கி நாடார் என்னும் பெயரையே அரசாங்க ஏடுகளில் வழங்கவேண்டுமென்று அச்சமூகத்தார் இடையறாது கேட்டுவந்தனர். 1921-ஆம் ஆண்டில், அத்தியட்சர் இறந்து முப்பதாண்டு சென்றபின், சென்னை அரசாங்கத்தார் அதற்கு இணங்கினர்.