எருக்குழி கண்ட அறிஞர்

திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையில் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. தேயிலைச் செடிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வர். அப்போது வெட்டப்படும் கிளைகளும் இலைகளும் அடுப்புக்குரிய விறகா, மண்ணுக்குரிய உணவா? இத்தகைய வினாவுக்கு விடை தேடியவர் சர் ஆல்பர்ட் ஹோவர்டு.

அவர் 1873ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, 1905இல் பீகாரிலுள்ள பூசா வேளாண் ஆய்வு நிலையத்திற்குத் தாவரவியல் அறிஞராக வந்தார். பூச்சிமருந்தே அறியாத அவ்வூர் உழவர்களின் பயிர்கள் செழித்திருந்தன. வியந்த ஹோவர்டு அவ்வுழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். அவர் மனைவி கேப்ரியேலும் தாவரவியல் அறிஞரே. இருவரும் உருவாக்கிய கோதுமை வகைகள் புகழ்பெற்றவை.

1924 முதல் இந்தூரில் பணியாற்றினார். அது பருத்தி விளையும் கரிசல் நிலம். அங்கே சாணம் வறட்டியாகி எரிந்தது. பருத்திமாரும் விறகாகி எரிந்தது. மண் கொடுத்தது மண்ணுக்குத் திரும்பவில்லை. பருத்திமாரோ கட்டைபோல் கடினமானது, எளிதில் மட்காது. ஹோவர்டு அதனைப் பண்ணைச் சாலையில் பரப்பச் செய்தார். வண்டிச் சக்கரங்களும் மாடுகளின் குளம்புகளும் அதனை நொறுக்கின! செலவில்லாத எந்திரம் அது. நொறுங்கிய மாரைத் தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாக இட்டனர். பின்னர் களை, சருகு, சாணம், சாம்பல், கோமியம் ஊறிய மண் ஆகியவற்றோடு ஆழமற்ற குழியில் அடுக்கி, நீர் தெளித்து, மும்முறை புரட்டினர். நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். காற்றில்லாத குவியல் நாறும், ஈ மொய்க்கும். மூன்று திங்களில் கரிய எரு கிடைத்தது.

சீன உழவர்கள் நெடுங்காலமாக மட்கு எரு செய்து வந்ததை ஹோவர்டு மறைக்கவில்லை. தம் பெயரைச் சூட்டாமல் இந்தூர் முறை என்றே அதனை அழைத்தார், பாராட்டத்தக்க பண்பு. உடன் உழைத்த யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931இல் இதனை நூலாக்கினார். இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் சிலவும் அம்முறையைக் கைக்கொண்டன. கவாத்துக் கழிவும் மண்ணுக்கே உரியது என்பது அவர் கொள்கை.

ஹோவர்டு 1947இல் மறைந்தார். பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாள் இன்றும் எரிக்கப்படுகிறது. புகை தில்லியைச் சூழ்கிறது. கோதுமை விதைப்புக்குச் சில வாரங்களே எஞ்சுவதால் உழவர் தீயிடுகின்றனர். ஹோவர்டின் குழிக்கோ மூன்று திங்கள் வேண்டும்.