பசிச்ச மூளைக்குப் பாடம் ஏறாது... காமராஜருக்குத் தெரிந்த கணக்கு!

காலையில வெறும் டீயைக் குடிச்சிட்டு காலேஜுக்கு ஓடுற ஆளா நீங்க? பதினோரு மணி வகுப்புல போர்டுல எழுதுறது கண்ணுக்குத் தெரியும், மண்டைக்குள்ள ஏறாது. இந்தக் கஷ்டத்தை, குளுக்கோஸ் பத்தின பாடம் எதுவும் படிக்காமலே புரிஞ்சுக்கிட்டவர் காமராஜர்.

1903 ஜூலை 15, விருதுநகரில் பிறந்தார். சின்ன வயசுலேயே அப்பா இறந்துவிட, படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அவர் படித்த சத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி.

1954-ல் முதலமைச்சர் ஆனார். திருச்செந்தூரிலிருந்து நெல்லை வழியா தென்காசிக்கு ரயிலில் போனா, நடுவுல சேரன்மகாதேவி வரும். அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தப்போ, மாடு மேய்ச்ச பையன்கிட்ட ஏன் பள்ளிக்கூடம் போகலைன்னு காமராஜர் கேட்டதாகவும், போனா சோறு கிடைக்குமான்னு அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஊர்ப்பக்கம் சொல்வாங்க. கதை எப்படியோ, 1956-ல் எட்டயபுரத்தில் அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது வரலாறு. அப்போ எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டத்துல இருந்தது.

அந்தச் சோத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? உடல் எடையில் மூளை சுமார் 2 சதவிகிதம்தான். ஆனா நம்ம சக்தியில் கிட்டத்தட்ட 20 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கும். அதன் முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். அதைச் சேர்த்துவைக்க மூளைக்குள்ள பெருசா இடம் கிடையாது. சாப்பிடாத நேரத்துல கல்லீரல் தன் சேமிப்பைக் கொடுத்துச் சமாளிக்கும். குழந்தைகளுக்கு அந்தச் சேமிப்பு குறைவு, மூளையின் தேவையோ அதிகம். முந்தின ராத்திரியும் அரை வயிறுன்னா கவனம் சிதறும், எரிச்சல் வரும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின், மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவறவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனா நடுக்கம், வியர்வை, குழப்பம். ரொம்ப இறங்கினா மயக்கம், வலிப்பு. அதுக்காக பன்னும் கூல்டிரிங்க்ஸுமா இறக்காதீங்க. வருஷக்கணக்கில் சர்க்கரை கூடியே இருந்தா மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டு, ஞாபகசக்தி பாதிக்கப்படும். இட்லி சாம்பார், முட்டை, சுண்டல்னு சாப்பிடுங்க.

1975 அக்டோபர் 2-ல் காமராஜர் மறைந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர் அந்தத் திட்டத்தைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் வந்தது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கே காலைச் சாப்பாடு முக்கியம்னு அரசாங்கம் சமைச்சுப் போடுது. நீங்க மட்டும் ஏன் பட்டினியா ஓடணும்?