நோய்க்கு முந்திய சினம்: சுப்பிரமணிய சிவாவின் வாழ்வில் உணர்வும் நோய்மையும்

மனநோய்க்கு ஆளான ஒருவர் சினந்தாலும் வருந்தினாலும் விரைந்து செயல்பட்டாலும், அவற்றின் காரணம் வினவப்படுவதற்கு முன்பே அவை நோயின் அறிகுறிகளாகக் கொள்ளப்படுவதுண்டு. சமூகம் விலக்கிவைத்த உடல்நோய்களுக்கு ஆளானோரும் இத்தகைய பார்வைக்கு இலக்காகலாம். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் தம் இறுதிக்காலத்தைக் கழித்த சுப்பிரமணிய சிவாவின் வாழ்க்கை இச்சிக்கலை ஆராய்வதற்குரியது.

1884 அக்டோபர் 4 அன்று வத்தலக்குண்டில் பிறந்த சிவா, 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையோடு இணைந்து சுதேசியக் கருத்துகளைப் பரப்பினார். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச்சில் கைதானார். விசாரணை நீதிமன்றம் விதித்த பத்தாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. சிறைவாழ்வில் தொழுநோய் அவரைப் பற்றியது. 1912இல் விடுதலையான பின் ‘ஞானபாநு’ இதழை நடத்தினார். அதில் பாரதியாரும் எழுதினார்.

அக்காலத்தில் தொழுநோய் மருத்துவத்தின் பொருளாக மட்டும் இருக்கவில்லை. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பிழைப்புக்கு வழியற்ற நோயாளரைப் பிரித்து அடைத்துவைக்க இடமளித்தது. சிவா இரயிலில் பயணம் செய்வதும் நோயின் பெயரால் தடுக்கப்பட்டது. அவர் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1921இல் மீண்டும் சிறை புகுந்தார்.

இங்குக் கால வரிசை முதன்மையான சான்றாகிறது. அந்நிய ஆட்சியின்மீது அவர் கொண்ட சினம் நோய்க்கு முந்தியது. 1908இல் அச்சினம் எதை நோக்கி எழுந்ததோ, 1921இலும் அதையே நோக்கியது. இடையில் உடல் நலிந்தது. இயங்கும் உரிமையும் சுருங்கியது. ஆதலின் பிற்காலச் சினத்தை நோயின் விளைவாக மட்டும் கொள்வது, நோயுற்ற உடலைக் கண்டு அரசின் செயலைக் காணாது விடுவதாகும்.

அவரது விரைவும் அத்தகையதே. பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் நிறுவிய அவர், அங்குப் பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் நிறைவுறும் முன்பே, 1925 சூலை 23 அன்று, தம் நாற்பதாம் வயதில் சிவா மறைந்தார். வாழ்நாள் குறுகுகிறது என்று உணரத்தக்க நிலையிலிருந்த ஒருவர் எடுத்த பணியை விரைவுபடுத்த முயல்வது இயல்பான மனித உணர்வு. அதற்குத் தனியே நோய்க்காரணம் தேட வேண்டியதில்லை.

எனினும், நோயின் வலி அவரைத் தாக்கவே இல்லை என்று கொள்வதும் பிழையாகும். அவரைத் துன்பம் தீண்டாத தியாக வடிவமாக மட்டும் போற்றுவதும் அவரது இயல்பான உணர்வுகளை மறைத்துவிடும். வலியால் ஒருவரின் சினம் மிகுந்திருக்கலாம். அதனால் அச்சினத்தின் நியாயம் குறைவதில்லை.

உணர்வு எப்போது தோன்றியது, எதை நோக்கியது, அப்போது அவருக்கு நேர்ந்தது என்ன என்னும் மூன்று வினாக்களும் நோயின் பெயரைச் சொல்வதற்கு முன் எழ வேண்டும். மனநோய்க்கு ஆளானோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதுவோர்க்கும் இவ்வரிசை பொருந்தும். அவர்களுடைய துயரங்களில் பலவற்றுக்குச் சொல்லத்தக்க காரணங்கள் வெளியிலேயே உள்ளன.