சிங்கப்பூரில் வாங்கிய மின்னிசை

மடிக்கணினியில் இசையமைக்கும் இளையர்களுக்கு ‘303’ என்ற எண் பழக்கமானது. வழுக்கிச் செல்லும் அந்த பேஸ் ஒலி இன்று ஒரு செயலிக்குள் அடங்கிவிட்டது. அதற்கான அசல் கருவியை 1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து மும்பைக்குக் கொண்டுசென்று ராகம் வாசித்தவர் சரண்ஜித் சிங்.

1940இல் பிறந்த அவர், ஆர்.டி.பர்மன் உள்ளிட்ட இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் வாசித்தவர். திருமண நிகழ்ச்சிகளுக்குத் தனிக் குழுவும் வைத்திருந்தார். புதிய கருவி வந்தால் வாங்கிப் பார்த்துவிடும் ஆர்வம் அவருக்கு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தின் ஜுப்பிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மூன்றையும் வீட்டில் ஒன்றாக இணைத்து வாசித்துப் பழகினார்.

303இல் ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் ஒலிக்கும். ஆனால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து செல்லும் வசதி அதில் உண்டு. கர்நாடக இசை பயிலும் மாணவர்களுக்கு ‘ஜாரு’ நினைவுக்கு வரலாம். கிட்டார் கலைஞர்களுக்குத் துணையாகச் செய்யப்பட்ட அந்தப் பெட்டி, அந்த வேலைக்குச் சரிவரவில்லை என்று கைவிடப்பட்டது. ராகத்திற்கோ அது கச்சிதமாகப் பொருந்தியது.

1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அதில் பூபாலியும் (நமது மோகனம்) மால்கௌன்ஸும் (நமது இந்தோளம்) உண்டு. தட்டு விற்கவில்லை. அவர் மீண்டும் திருமண மேடைகளுக்குத் திரும்பினார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, சிகாகோவில் ‘ஃபியூச்சர்’ குழு அதே 303ஐக் கொண்டு வெளியிட்ட பாடல் ‘ஆசிட் ஹவுஸ்’ இசைக்கு வழிவகுத்தது. 2002இல் டெல்லியில் சரண்ஜித்தின் தட்டு ஒரு டச்சு சேகரிப்பாளர் கையில் கிடைத்து, 2010இல் மறுவெளியீடு கண்டபோது, இது யாரோ செய்த ஏமாற்றுவேலை என்றே சிலர் சந்தேகித்தனர்!

பழைய கருவியின் ஒலி ஏன் இன்னும் தேடப்படுகிறது? அதில் சுரத்தை உருவாக்குவது மின்னழுத்தம். வெப்பம் மாறினால் சுருதியும் சற்று நகரும். அதனால்தான் ஜுப்பிட்டர்-8இல் சுருதியைச் சரிசெய்யத் தனிப் பொத்தானே வைத்தார்கள். ஒரே சுரத்தை எழுப்பும் இரு அலைகள் நூலளவு விலகி நிற்பதால் ஒலி தடிமனாகிறது. 808இன் சலசலப்புக்குக் குறைபாடுள்ள டிரான்சிஸ்டர்களே காரணம். அவை கிடைக்காமல் போனதும் 808இன் உற்பத்தியும் நின்றது.

புதியவை பெரும்பாலும் ஒலியை எண்களாகக் கணக்கிடுகின்றன. சுருதி பிசகாது, அமைப்புகளைச் சேமித்துக்கொள்ளலாம். முழுப் பாடலுக்குள் கலந்துவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். குமிழைத் திருகத் திருக, தனியாகக் கேட்கும்போதுதான் வேறுபாடு புலப்படும்.

முதுமையில் சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் பேரப்பிள்ளைகள் வயது ரசிகர்களுக்காக வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானபோது அவருக்கு வயது 74. அடுத்த ஆண்டு, பழைய 303இன் மின்சுற்றை எண்களால் போலச்செய்யும் டிபி-03ஐ ரோலண்ட் விற்பனைக்குக் கொண்டுவந்தது.