பேராசிரியர் ஹோல்டேனும் எங்கள் இரத்தமும்

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு மலேரியாவைப் பற்றி ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுங்கிக்கொண்டு கிடந்ததும், குளோரோகுயின் குளிசையின் கைப்பும் மறக்கிற விசயமா? அந்தக் காய்ச்சலுக்கும் பரம்பரையாக வருகிற ஓர் இரத்த வியாதிக்கும் தொடர்பு இருக்கவேணும் என்று கணித்துச் சொன்னவர் ஜே. பி. எஸ். ஹோல்டேன் என்ற வெள்ளைக்காரர். கடைசியில் இந்தியப் பிரசையாகவே கண்ணை மூடின மனுசன்.

நான் இவரைத் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே வளைகுடாவில் ஒரு கிளினிக்கில் எனக்கு இரத்தம் குறைவு என்று சொல்லி, ஒன்றரை வருசம் இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு வேறொரு டொக்டர்தான் ஈமோகுளோபினைப் பிரித்துப் பரிசோதித்துவிட்டு, எனக்கு இரும்புக் குறைவு இல்லை, நான் தலசீமியாக் காவி என்றார். காவிக்கு வருத்தம் கிடையாது. செங்குழியங்கள் கொஞ்சம் சின்னனாக இருக்கும், அவ்வளவுதான்.

ஹோல்டேன் 1892இல் ஒக்ஸ்போர்டில் பிறந்தார். தகப்பன் சுரங்கங்களின் நச்சுக்காற்றை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. மகனையும் சின்ன வயதிலேயே சுரங்கத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், அந்தக் காற்று ஆளை எப்படி விழுத்தும் என்று அவனை வைத்தே காட்டினாராம். இப்படியும் ஒரு தகப்பன்! மகனும் அதே வழிதான். பின்னாளில் நீர்மூழ்கிக் கப்பல் ஆட்களுக்காக அமுக்க அறைக்குள் தானே புகுந்து, முதுகெலும்பையும் செவிப்பறையையும் பழுதாக்கிக்கொண்டார்.

ஆச்சரியம் என்னவென்றால் அவரிடம் விஞ்ஞானப் பட்டம் ஒன்றுமே இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும். உயர்தரத்தோடு படிப்பை விட்ட எனக்கு இதை வாசிக்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. (அவர் மூளை வேறு, என் மூளை வேறு என்பதும் தெரியும்.)

முதலாம் உலகப்போரில் சண்டைக்குப் போனார். எலிகளில் இரண்டு குணங்கள் சேர்ந்தே பரம்பரையில் இறங்குவதைப் பற்றி அவரும் தங்கை நயோமியும் ஒரு நண்பரும் எழுதிய கட்டுரை 1915இல் வெளிவந்தது. அதற்குள் அந்த நண்பர் போரில் இறந்துவிட்டார். ஹோல்டேன் எங்களுக்குப் பக்கத்து ஈராக்கில், அன்றைய மெசொப்பொத்தேமியாவில், காயப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்த நாட்டின்மேல் அவருக்குப் பிடிப்பு வந்தது அப்போதுதான்.

இனி விசயத்துக்கு வருவோம். பரம்பரையலகு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று எழுதிய குறிப்பு. தொழிற்சாலையில் எங்களுக்கு மேலிருந்து வருகிற ஓடர் சீட்டு மாதிரி. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 146 அமினோவமிலங்கள். சீட்டில் ஒரு பிழை வந்து, ஆறாவது இடத்தில் குளுற்றாமிக்கமிலத்துக்குப் பதிலாக வலீன் வந்தால் செங்குழியம் அரிவாள் போல வளைந்துவிடும். இதை 1956இல் கேம்பிரிட்ஜில் இங்கிராம் கண்டுபிடித்தார். தலசீமியாவில் நடப்பது வேறு. சங்கிலி போதிய அளவு செய்யப்படுவதில்லை. தாயும் தகப்பனும் காவிகள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. கடுமையான வகை வந்த பிள்ளைக்குக் கிழமைக் கணக்கில் இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கவேணும்.

பிள்ளைகளைக் கொல்லுகிற பிழை ஏன் தானாக அழிந்துபோகவில்லை? ஹோல்டேன் கேட்ட கேள்வி இதுதான். காவிகளின் சின்னச் செங்குழியங்களை மலேரியாக் கிருமியால் இலகுவில் வெல்ல முடியாமல் இருக்கலாம், அதனால் காவிகள் பிழைத்து அந்தப் பிழையும் பிழைத்தது என்று 1948இல் ஸ்டொக்ஹோம் மாநாட்டில் சொன்னார். 1954இல் அலிசன் என்பவர் கிழக்கு ஆபிரிக்காவில் அரிவாள் செங்குழியத்துக்கு இது பொருந்துவதைக் காட்டினார். இங்கே அல்-ஹசா, கதீவ் பேரீச்சந்தோப்புகளிலும் ஒருகாலத்தில் மலேரியா. அந்தச் சனங்களிடம் இவ்வியாதிகள் கூட. 1952இல் நீலகிரி மலைச்சனங்களிடமும் அரிவாள் செங்குழியம் கண்டார்கள். எமிரேட்ஸ் 2007இலும் இலங்கை 2016இலும் மலேரியா ஒழிந்த நாடுகள் என்று அறிவிக்கப்பட்டன. காய்ச்சல் போய்விட்டது, அது விட்டுப்போன பிழை இரத்தத்தில் இருக்கிறது.

1956இல் சூயஸ் மீது பிரித்தானியா படையெடுத்ததைக் கண்டித்து, அடுத்த வருசம் ஹோல்டேன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்துவிட்டார். சைவச் சாப்பாடு, குர்த்தா. பிறகு அங்கேயும் மேலிடத்தோடு கொழுவி, 1962இல் புவனேஸ்வர் போனார். 1964 டிசம்பர் 1ஆம் திகதி புற்றுநோயால் இறந்தார். உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வெட்டிப் படிக்க எழுதிவைத்திருந்தார்.

சவூதியில் 2004இலிருந்து கலியாணத்துக்கு முன் இந்தப் பரிசோதனை கட்டாயம். எமிரேட்சிலும் உண்டு. கலியாணத்தை மறிப்பதற்கில்லை, தெரிந்து செய்வதற்கு. என் தங்கச்சிக்கு மாமாவின் மகனைப் பேசியிருக்கினம். எனக்கு இருப்பது அம்மாவின் பக்கத்தால் வந்திருந்தால் மச்சானிடமும் இருக்கலாம். இதைச் சொன்னதும் வீட்டில் பெரிய சண்டை. சம்பந்தத்தைக் குழப்பப் பார்க்கிறேன் என்று மாமி இன்னும் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி போன கிழமை இரத்தம் குடுத்துவிட்டாள். அவர் வாற ஞாயிறு போகிறார்.